வாசல் வரைக்கும் வண்டி

சொந்தப் புருஷனையே வாடகைக்கு எடுத்தவள் என்று தையல்காரிக்கு அந்தத் தெருவில் பிற்பாடு பேர் விழுந்தது. சொல்கிறவர்களுக்கு என்ன, நாக்கில் நரம்பா இருக்கிறது? அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அவள் புருஷன் ஒரு டிராவல்ஸில் டிரைவர். நகரத்து வெக்கை தாங்காதவர்கள் விடியற்காலையில் காரில் ஏறி, மலைக்குப் போய், கொஞ்சம் நடுங்கி, நாலு படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே வீடு திரும்புகிற ஒருநாள் சவாரிதான் அந்த டிராவல்ஸின் பிழைப்பு. அவர் வண்டி ஓட்டுகிற அழகைப் பார்த்து ஸ்டாண்டில் அவருக்கு 'நிதானம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பேரைச் சொல்லித் தேடினால் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு தரமாவது மலை ஏறுவார். அவர்களுடைய ஒரே மகளும் அந்த மலையில்தான் இருந்தாள். அவள் வீட்டுப் பக்கம் மட்டும் வண்டியைத் திருப்பமாட்டார்.

மகள் போன கதை ஊரில் நடக்காத கதை இல்லை. ஸ்டாண்டு சங்கத் தலைவர் வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். எல்லாருக்கும் சொல்லியும் ஆயிற்று. அவளோ, மலையிலிருந்து கேரட் மூட்டையோடு லாரியில் மண்டிக்கு வந்துபோன ஒரு பையனோடு போய்விட்டாள். மண்டியில் பில் போடுகிற வேலையில் இருந்தவள், மூட்டை இறக்க வந்தவனிடம் என்னத்தைக் கண்டாளோ. நிதானம் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னாலும் நின்று, "அவ வீட்டு வாசல்ல என் கால் படாது" என்று சொன்னார். கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும் என்று தையல்காரி அடிக்கடி நினைத்துக்கொள்வாள். மூன்று வருஷமாகியும் ஆறவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பிறந்தது என்று சொல்லலாமா என்னவோ. அது அழவே இல்லை. தகவல் வந்து இவள் பஸ் பிடித்து ஓடியபோது எல்லாம் முடிந்து, பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து மருமகன் வாசலில் உட்கார்ந்திருந்தான். இவள் அதற்கென்று வெட்டி வைத்திருந்த மெத்தென்ற துணியெல்லாம் இன்னமும் தையல் மெஷினுக்கு அடியில் ஒரு பையில் கிடக்கிறது. தூக்கிப் போடவும் மனசில்லை, எடுத்துப் பார்க்கவும் மனசில்லை.

அன்றைக்கு மகள் பேசியது ஒன்றே ஒன்றுதான். நம்ம வீட்டில் வந்து கொஞ்ச நாள் கிடக்க வேண்டும்போல இருக்கிறது, ஆனால் அப்பா கூப்பிட வேண்டும், அவர் வந்து அவர் வாயால் கூப்பிட்டால் வருகிறேன் என்றாள். அதற்கப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். போன வாரம் மருமகன் போன் செய்தான். அவள் சாப்பிடுவதில்லை, குளிப்பதில்லை, இவன் வேலைக்குப் போய்விட்டால் நாள் பூராவும் தனியாக இருக்கிறாள். "எனக்கு பயமா இருக்குங்க அத்தை. கேரட் கழுவுற கொட்டகையில கை வேலை செய்யுது, மனசு வீட்டுல கெடக்கு. ஏதாவது பண்ணிக்குவாளோன்னு இருக்கு."

இதை அப்படியே புருஷனிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கை அப்படியே நின்றது. பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு, வெளியே போய், ஏற்கனவே துடைத்திருந்த ஷூவை உட்கார்ந்து துடைத்தார். மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாள் அழுதாள். சண்டையும் போட்டுப் பார்த்தாள். கல்லோடு சண்டை போட்டால் கைதானே வலிக்கும். கடைசியில், தைத்துச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு டிராவல்ஸ் ஆபீசுக்கே நேராகப் போய்விட்டாள்.

டிராவல்ஸ் ஓனர் சிரிக்கும்போது வயிறு தனியாகக் குலுங்குகிற மனுஷர். இவள் மலைக்கு ஒருநாள் டிரிப் வேண்டும், இன்ன டிரைவர்தான் வேண்டும் என்றதும் வயிறு குலுங்க ஆரம்பித்தது. வீட்டில் இருக்கிற ஆளை எதற்கம்மா காசு கொடுத்துப் பிடிக்கிறாய், சும்மா கூப்பிட்டால் வரமாட்டாரா என்றார். வரமாட்டார் என்று இவள் சொன்ன விதத்தில் அவருடைய சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த ஆபீசில் ஒரு கண்டிப்பு உண்டு. புக் ஆன பார்ட்டியை டிரைவர் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பார்ட்டி எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போக வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. நிதானம் இத்தனை வருஷத்தில் ஒரு பார்ட்டியையும் தட்டிக்கழித்தவரில்லை. அதை நம்பித்தான் அவள் போனாள். வேறு வழி ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை இருட்டுப் பிரிவதற்கு முன்னால் அவர் எப்போதும்போல எழுந்து ஆபீசுக்குப் போனார். இவள் அவசர அவசரமாகக் குளித்து, ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டி, ஒரு பையில் மாற்றுத் துணியும் கம்பளியும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "மேடம், டிராவல்ஸ்ல இருந்து..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது. ஆபீசிலிருந்து போனில் வந்த பார்ட்டி நம்பரை யாருடையது என்று பார்க்காமலே தட்டிவிட்டிருக்கிறார். கார் தெருமுனையில் வந்து நின்றபோது, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"முன்னாடி வந்து உக்காரு. பாக்குறவங்க சிரிப்பாங்க."

"பார்ட்டி பின்னாடிதான் உக்காருவாங்க" என்றாள்.

அவர் இறங்கிப் போய்விடுவாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். போகவில்லை. டிரிப் ஷீட்டை எடுத்துப் பார்த்தார், மடித்து வைத்தார், கிளப்பிவிட்டார்.

நகரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே வெயில் வந்துவிட்டது. தொழிற்பேட்டைச் சுவர்கள், டயர்க் கடைகள், பாலத்தடியில் தூங்கி எழுந்து பல் தேய்க்கிறவர்கள், எல்லாம் பின்னால் ஓடின. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவர் ஓட்டுகிற வண்டியில் இவ்வளவு தூரம் அவள் போனது கிடையாது. டிரைவர் பெண்டாட்டிக்குக் கார் எதற்கு, பஸ் இருக்கிறதே. பின் சீட்டிலிருந்து பார்த்தால் அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. முடி வெட்டிக்கொள்ளாமல் காலருக்கு மேல் நரைத்துத் தொங்கியது. வீட்டில் தினமும் பார்க்கிற மனுஷனுக்கு இவ்வளவு வயசாகிவிட்டதா என்று இருந்தது.

மலையடிவாரத்தில் எல்லா வண்டியும் நிற்கிற இடத்தில் நிறுத்தினார். பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்தார், ஒவ்வொரு டயரையும் சுற்றிவந்து உதைத்துப் பார்த்தார். அங்கே நின்ற மற்ற டிரைவர்கள் என்ன நிதானம், ஒற்றை ஆள் பார்ட்டியா, பெரிய இடமா என்று கேட்டார்கள். அவர் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டிவைத்தார். அவளுக்கு டீ வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். தனக்கு வாங்கியதைத் தூரமாகப் போய் நின்று குடித்தார். பார்ட்டியோடு சேர்ந்து சாப்பிடக்கூடாது என்பதும் அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம்தான். ஆனாலும் தையல்காரி அந்த டீயில் பாதியை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டாள்.

வண்டி ஏற ஆரம்பித்ததும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு எப்போதுமே வராது.

"எங்க போறோம்னு தெரியும்ல உங்களுக்கு?"

"ஷீட்ல மலைன்னு போட்டிருக்கு."

"அவ வீட்டுக்குப் போறோம். நீங்க உள்ள வந்து, வாம்மா நம்ம வீட்டுக்குன்னு ஒரு வார்த்த சொல்லணும். அவ்வளவுதான். அவ எந்திரிச்சு வந்துடுவா. முன்னாடி சீட்ல உக்கார வச்சு கூட்டிட்டுப் போயிடலாம்."

அவர் கியரை மாற்றினார். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டார். "வாசல் வரைக்கும் வண்டி வரும். பார்ட்டி சொன்னா போய்த்தான ஆகணும். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

"நீங்க வரலன்னா நானும் திரும்பி வரமாட்டேன். அங்கயே இருந்துடுவேன். பொண்ண அப்படிப் போட்டுட்டு என்னால கீழ வந்து மெஷின மிதிக்க முடியாது."

"மிரட்டுறியா?"

"மிரட்டல. சொல்லிட்டேன்."

அவர் அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினார். காது அடைத்துக்கொண்டது. காற்றில் வெக்கை குறைந்து, ஈரமண் வாசனையும் இலை அழுகுகிற வாசனையும் வந்தன. மரங்கள் உயரமாகிக்கொண்டே போயின. ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு குடும்பமே வரிசையாக நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். ஒரு திருப்பத்தில் பார்த்தபோது கீழே தாங்கள் கிளம்பிவந்த சமவெளி தூசியும் வெயிலுமாகச் காய்ந்த சட்டிபோலக் கிடந்தது. அங்கே தன்னைத் தேடுவதற்கு யாருமில்லை என்று நினைத்தாள்.

மேலே ஊர் வந்ததும் மனுஷர் தன் வேலையைக் காட்டினார். நேராக மகள் வீட்டுக்குப் போகாமல், வண்டியைக் கொண்டுபோய்ப் பள்ளத்தாக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். என்ன இது என்று கேட்டாள். பேக்கேஜில் இருக்கிறது என்றார். காசு கட்டியாயிற்று, பார்க்காமல் போனால் ஓனர் கேட்பார், பார்த்துவிட்டு வா என்றார். அவள் இறங்கி, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளத்தாக்கு எதுவும் தெரியவில்லை, வெறும் வெள்ளைதான். பக்கத்தில் ஒரு புதுப் பெண் புருஷனைப் படம் எடுக்கச் சொல்லி அதே வெள்ளைக்கு முன்னால் நின்று சிரித்தாள்.

அப்புறம் ஏரி. அப்புறம் பூந்தோட்டம். ஒவ்வொன்றுக்கும் பேக்கேஜ், பேக்கேஜ் என்றார். இவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். மனுஷனுக்குத் தைரியம் வர நேரம் வேண்டும்போல, வரட்டும் என்று இருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஏரிக்கரை பெஞ்சில் ஒண்டியாக உட்கார்ந்து, கட்டிவந்த ரொட்டியில் பாதியைத் தின்றாள். தண்ணீரில் படகுகள் காலியாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. தூறல் ஆரம்பித்தது. தூரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டு, தனக்குத்தானே ஏதோ வாயை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை இவள் பார்த்தாள். பார்ப்பது தெரிந்ததும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கூப்பிடத்தான் ஒத்திகை பார்க்கிறாரோ என்று அவளுக்கு நெஞ்சு பொங்கியது. அடுத்து நிறுத்திய தோட்டத்தில் கால் வைக்காமலே திரும்பிவந்து, "பாத்தது போதும். பார்ட்டி சொல்லுது, வண்டிய எடுங்க" என்றாள்.

மகள் வீடு ஊருக்கு வெளியே, கேரட் கழுவுகிற கொட்டகைக்கு மேலே சரிவில் இருந்தது. கொட்டகையில் பெரிய இரும்பு உருளை ஒன்று தடதடவென்று சுற்ற, மண்ணோடு கொட்டிய கேரட் இன்னொரு பக்கம் சிவந்துபோய் விழுந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் சேற்றுத் தண்ணீர். ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் ஏப்ரனுமாக நின்றவர்களில் ஒருவன் இவர்கள் காரைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். மருமகன்தான். பச்சைத்தண்ணீரில் ஊறி ஊறி விரலெல்லாம் வெடித்திருந்தது. நனைந்த கையை முதுகுப் பக்கம் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றான். மாமா நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டியை ஏற்றத்தில் கொண்டுபோய், வீட்டுக் கேட்டுக்கு எதிரே, ரோட்டிலேயே நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

தையல்காரி இறங்கினாள். ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்குகிறதாக இல்லை. சரி, முதலில் மகளைப் பார்ப்போம், பிறகு வந்து இழுத்துக்கொண்டு போவோம் என்று படியேறினாள்.

இரண்டே அறை. தகரக் கூரை. முன்னறையில் அடுப்பும் கயிற்றில் காயாத துணியும். உள்ளறையில் கட்டில்மேல் மகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நல்ல உடம்புக்காரியாக இருந்தவள், ஸ்வெட்டருக்குள் ஆள் இருப்பதே தெரியாமல் இருந்தாள். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து, சீப்பை எடுத்து நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள். மகள் தலையைக் கொடுத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பாதிச் சிக்கு எடுத்தபிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வண்டி சத்தம் கேட்டுச்சு. அப்பாவா?"

"அப்பாதான். காசு கட்டிப் பார்ட்டியா அவர் வண்டில வந்திருக்கேன்."

"வராரா?"

"வருவாரு. வழியெல்லாம் என்ன பேசறதுன்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்தாரு. கொஞ்சம் பொறு."

மகள் முகத்தில் ஏதோ அசைந்தது. தலை முழுக்கப் பின்னி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். முன்னறையில் மருமகன் டீ போடுகிற சத்தம் கேட்டது. ஜன்னலில் தெரிந்த எதிர் மலை முதலில் பனிக்குள் போயிற்று, அப்புறம் கொட்டகைக் கூரை போயிற்று, அப்புறம் வாசல் கேட்டும் மங்கலாகிவிட்டது. பனி இறங்கினால் டிரைவர்கள் நிலைகொள்ளமாட்டார்கள். ஏரி, தோட்டம் என்று அவர் கரைத்த நேரத்தையெல்லாம் நினைத்துத் தையல்காரிக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து போய்க் கூப்பிடலாம் என்று சீப்பைக் கீழே வைத்தாள்.

அப்போதுதான் வெளியே ஹாரன் அடித்தது. சின்னச் சின்னதாய் இரண்டு தடவை.

தையல்காரிக்கு அந்த ஹாரன் தெரியும். மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், சவாரி முடிந்து வண்டியை விடப் போகும் வழியில், தெருமுனையில் நின்று இப்படித்தான் இரண்டு தடவை அடிப்பார். சோற்றுக் கையோடு இருந்தாலும் சரி, பாதிக் குளியலில் இருந்தாலும் சரி, மகள் போட்டது போட்டபடி ஓடுவாள். முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவருவார்கள்.

மகள் சட்டென்று எழுந்து நின்றாள்.  அம்மாடி, எழுந்துவிட்டாள் என்று தையல்காரி நினைப்பதற்குள் மகளுடைய முகம் சுருங்கிப்போனது.

"பார்ட்டிய கூப்பிடுறாரு. நேரமாச்சாம். போம்மா."

அம்மாவைத் தோளைப் பிடித்து முன்னறைக்குத் தள்ளிவிட்டு, உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மருமகன் கையில் டீ டம்ளரோடு திகைத்து நின்றான். தையல்காரி தட்டினாள், கெஞ்சினாள். கதவு திறக்கவில்லை. ஆத்திரம் தலைக்கேற, செருப்புக்கூடப் போடாமல் இறங்கிக் காருக்கு ஓடினாள்.

"எதுக்குங்க ஹாரன் அடிச்சீங்க?"

"கூப்பிட்டேன்" என்றார் அவர்.

"உங்களுக்கு அவ்வளவு அவசரமா? நான் வரமாட்டேனா?"

"உன்னைக் கூப்பிடல. அவளைத்தான் கூப்பிட்டேன்." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கால் படாதுன்னு அத்தன பேர் முன்னாடி சொல்லிட்டேன். அதான் இங்கருந்தே... அவளுக்குத் தெரியுமே. ரெண்டு தடவ அடிச்சா அவளுக்குத் தெரியும். எந்திரிச்சாளா?"

தையல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவி மனுஷா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், வாழ்நாள் பூராவும் ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்ட பழக்கத்தில் இதற்கும் ஹாரனைப் போய் அழுத்தினாயே என்று அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அதே கையால் தலையைத் தடவிக் கொடுக்கவும் வேண்டும்போல இருந்தது.

"எந்திரிச்சா. எந்திரிச்சுக் கதவ சாத்திக்கிட்டா. வீட்டு வாசல்ல வந்து ஹாரன் அடிச்சா யாருக்குங்க வராது கோவம்? அவ என்ன சவாரியா?"

அவர் முகம் அப்படி ஆகி அவள் பார்த்ததில்லை. மகள் போன அன்றைக்குக்கூட இல்லை. இன்ஜினை அணைத்தார். கதவைத் திறந்தார். இறங்கி, கேட்டைத் தள்ளி, படியேறினார். அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை, இவளும் மருமகனும் மட்டும் பார்க்க, போயே போய்விட்டது. மருமகன் அவசரமாக வழியில் இருந்த ஈரத்துணியை ஒதுக்கினான், நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. உள்ளறைக் கதவுக்கு முன்னால், கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கூப்பிடுங்க, கூப்பிடுங்க என்று தையல்காரி பின்னாலிருந்து முதுகைத் தொட்டாள். அவர் வாய் அசைந்தது. ஏரிக்கரையில் அசைந்த மாதிரியே அசைந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கதவை நோக்கி ஒரு கையைத் தூக்கினார், தட்டாமலே இறக்கிவிட்டார். வெளியே, பனிக்குள், ஏற்றத்தில் வந்த லாரி ஒன்று வழி கிடைக்காமல் நின்று உறுமியது.

"வண்டி ரோட்டுல நிக்குது" என்றார்.

கதவைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி, படியிறங்கிப் போய்விட்டார்.

அவள் பின்னாலேயே போனாள். அவர் காரை முன்னே நகர்த்தி லாரிக்கு வழி விட்டு நிறுத்தியதும், பின் கதவைத் திறந்து தன் பையையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டாள். மிச்ச ரொட்டிப் பொட்டலத்தை முன் சீட்டில் வைத்தாள்.

"ஷீட்ல போக வரன்னு போட்டிருக்கு" என்றார்.

"பார்ட்டி இங்கயே இறங்கிட்டாங்கன்னு ஓனர்கிட்ட சொல்லுங்க. கோவமில்ல எனக்கு. சொன்னேன்ல, அவளை இப்படிப் போட்டுட்டு என்னால வரமுடியாது."

"எப்ப வருவ?"

"தெரியல."

"சோறு வடிக்கத் தெரியாது எனக்கு."

"கத்துக்குங்க" என்று சொல்லத்தான் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மெதுவாகப் போங்கள், பனி கனமாக இருக்கிறது, கீழே இறங்கினதும் போன் பண்ணுங்கள் என்றாள். அவர் சரி என்றார். காலி வண்டியாக இறங்குவது டிரைவர்களுக்குப் பிடிக்காது, யாராவது ஒருத்தரையாவது ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு இரண்டும் கொஞ்ச தூரம் தெரிந்தன, அப்புறம் அதுவும் இல்லை.

மருமகன் கொட்டகைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. பாதிச் சுமை அப்படியே கிடக்கிறது, லாரி நிற்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். போய்ட்டு வாப்பா, நான் இருக்கேன் என்று அனுப்பிவைத்தாள். அடுப்பில் அரிசியைக் கழுவிப் போட்டாள். நாலு கேரட்டை நறுக்கினாள். காயாத துணியை அடுப்புப் பக்கமாக நகர்த்திக் கட்டினாள். கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் சாத்திக்கொள்வாளோ என்று பயம்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு. உள்ள வந்தாரு. கதவுகிட்ட நின்னாரு."

"தெரியும். ஷூ சத்தம் கேட்டுச்சு."

"அப்போ திறந்திருக்கலாம்ல? அவருக்கு வார்த்த வரலடி. ஹாரன் அடிச்சதுகூட உன்னைக் கூப்பிடத்தான். பார்ட்டிய இல்ல. உன்னை."

"தெரியும்மா."

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். மகள் கதவு நிலையில் சாய்ந்தபடி வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றுகொண்டிருந்தாள். தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குழந்தை போன அன்றைக்கும் இவள் அழவில்லை என்று மருமகன் சொல்லியிருந்தான்.

"கேட்டதும் எந்திரிச்சிட்டேன். நீ பாத்தல்ல? நான் எந்திரிக்கலம்மா, காலு தானா எந்திரிச்சிடுச்சு. மூணு வருஷம் எட்டிப் பாக்கல. எம் பிள்ளைய மண்ணுக்குள்ள வச்சப்பவும் வரல. அந்தச் சத்தத்துக்கு என் காலு எப்படி எந்திரிக்கலாம்? அந்தக் கோவத்துலதான் சாத்திக்கிட்டேன். என் மேலதான் கோவம். அப்புறம் அவர் வந்து நிக்கிறாரு, எனக்குத் தாழ்ப்பாள திறக்க கை வரல."

தையல்காரி போனை எடுத்து அழைத்துப் பார்த்தாள். போகவில்லை. இறக்கத்தில் வளைவுகளுக்கு நடுவே எங்கேயும் சிக்னல் கிடையாது, அடிவாரம் போய்ச் சேர்ந்தால்தான். மறுபடியும் அழைத்தாள். அதுவும் போகவில்லை.

மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தானும் எதிரே தரையில் உட்கார்ந்து, அவளுடைய இரண்டு காலையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாதம் இரண்டும் சில்லிட்டுக் கிடந்தன. சூடு வரும்வரைக்கும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.